வீட்டுக்குள் வந்த பற்றரி

எங்களுக்குக் கார் வந்த அன்று நான் என் கணவரோடு கதைக்கவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து ஆளுக்கொரு பையோடு வந்து சேர்ந்தவர்கள். எங்கள் நிலைமையில் கார் வைத்திருப்பது ஆனையைக் கட்டித் தீனி போடுகிற கதை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவரோ, மதிலோரமாக நின்ற அந்தச் சாம்பல் நிறப் பழைய காரின் கண்ணாடியைத் தன் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு நின்றார்.

கார் எனக்காகத்தான் வந்தது. என் கோபத்துக்கு அதுவே காரணம். ஊரில் செல் குண்டு வெடித்து அதன் துண்டொன்று என் இடது முழங்காலுக்குள் போயிருந்தது. எடுத்துவிட்டார்கள், ஆனால் கால் மடிய மாட்டேன் என்று நின்றது. காலுக்குப் பயிற்சி செய்விக்கக் களுபோவிலை ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டும். வெள்ளவத்தையில் இருந்து அது ஒரு தூரமே இல்லை. ஆனால் காலி வீதி பஸ்ஸின் படி, மடியாத கால் உள்ளவளுக்கு மலை. ஒருநாள் ஒரு கால் படியிலும் ஒரு கால் றோட்டிலுமாக நான் நிற்க, பஸ் வெளிக்கிட்டுவிட்டது. யாரோ ஒரு பெண் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பின்வாசலில் ஏற நின்ற என் கணவர் அதைப் பார்த்துவிட்டார். பட்ட காலிலே படும் என்று சனம் சொல்வதை அதுவரை நான் வெறும் பேச்சாகத்தான் கேட்டிருந்தேன். அடுத்த மாதம் கார் வந்தது.

அவர் ஊரில் சைக்கிளைத் தவிர வேறு ஒன்றையும் ஓட்டியவர் அல்ல. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்தவர், கொழும்பில் புறக்கோட்டை இரும்புக் கடையொன்றில் கணக்கு எழுதினார். கார் ஓட்டப் பழகிக்கொண்டு வந்து, அதற்குப் பிறகு அந்தக் காரோடு அவர் கொண்டாடிய உறவு இருக்கிறதே, கலியாணம் முடித்த புதிதில் என்னோடுகூட அப்படிக் கொண்டாடியதில்லை. விடிந்ததும் ஒழுங்கைக்கு இறங்கிவிடுவார். எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு இழுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். இயந்திரம் சூடேறு முன்பே ரேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்ப்பார், சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும் என்று எனக்கும் சேர்த்துச் சொல்லுவார். ரயரில் காற்றுச் சரியா என்று காலால் ஒரு உதை. உதைத்துவிட்டுத் தன் பாட்டில் தலையாட்டுவார். "கார் உங்களுக்கோ, நீங்கள் காருக்கோ?" என்று ஜன்னலால் கேட்பேன். சிரிப்பார்.

காரில் ஒரு குறை இருந்தது. எங்கேயோ ஒரு வயரில் மின்சாரம் களவாக ஒழுகிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க நின்றால் காலையில் பற்றரி இறங்கிக் கார் இருமிவிட்டு அடங்கிவிடும். பாமன்கடையில் அவர் காரைக் காட்டும் கராஜ்காரர், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க முழுக்காரையும் பிரிக்க வேண்டும், அதைவிடப் பின்னேரம் காரை விட்டதும் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான் விசயம். கொழும்பில் பிறந்து வளர்ந்த யாராக இருந்தாலும் அந்த ஒரு நட்டைத் தளர்த்திவிட்டுப் போய் நிம்மதியாகப் படுத்திருப்பார்கள்.

என் கணவர் பற்றரியையே கழற்றிக்கொண்டு மேலே வந்தார்.

இதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தில் அந்த வருசங்களில் இருந்திருக்க வேண்டும். கறண்ட் இல்லை. பற்றரி என்ற பெயருள்ள எதையும் வடக்கே கொண்டுபோகத் தடை. செத்த டோர்ச் பற்றரியை வெயிலில் காய வைத்து, அதில் இன்னும் இரண்டு நிமிடச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் ரேடியோவைப் பொருத்தி, ஒருவர் பெடல் சுற்ற மற்றவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டிருப்போம். எங்கள் ஊரில் கார் பற்றரி வைத்திருந்த ஒரு வீட்டுக்குச் சனம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதுபோல மரியாதையாகப் போய் வந்தது. அப்படிப்பட்ட சாமானை இரவு முழுக்கத் தெருவில் விட்டுவிட்டு வருவது அவரால் முடியாத காரியம்.

"உதை ஏன் உள்ளுக்கை கொண்டுவாறியள்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஆரும் கழட்டிக்கொண்டு போனால்?" என்றார்.

கொழும்பில் யார் பற்றரி களவெடுக்கப் போகிறான் என்று வாதாடினேன். கேட்பாரில்லை. தினமும் பின்னேரம் அந்தப் பாரத்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படியேறுவார். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அன்ரி, ஒரு முஸ்லிம் விதவை, அவரைக் காணும்போதெல்லாம் பிள்ளை நித்திரையா என்று கேட்பார். சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒரு பலகை, அதன்மேல் பற்றரி. வெறும் சீமெந்துத் தரையில் வைக்கக்கூடாதாம், அது யாரோ ஊரில் சொன்னது. பக்கத்தில் சின்னச் சார்ஜர், அதில் இருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், நுனியில் பல்லுள்ள கவ்விகள். சார்ஜ் ஏறும்போது பற்றரியில் இருந்து வாயு வரும், நெருப்புப் பட்டால் வெடிக்கும் என்று நான் அடுப்பை அணைக்கும் வரை காத்திருப்பார். பிறகு மூடிகளைத் தளர்த்தி, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் கறண்ட் ஆளியைப் போடுவார்.

கடல் காற்று எங்களுக்கு இன்னொரு வேலை தந்தது. வெள்ளவத்தையில் உப்புக்காற்றுப் படாத இரும்பு கிடையாது. பற்றரி முனைகளில் கிழமைக்குக் கிழமை பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். சுடுதண்ணீரில் என் அப்பச்சோடாவைக் கரைத்து, பழைய பல் தூரிகையால் உரஞ்சி, துடைத்துக் காயவிட்டு, கிறீஸ் தடவுவார். உள்ளே தகடுகள் மூடும் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறதா என்று ஒவ்வொரு துளையாகக் குனிந்து பார்ப்பார். குறைந்தால் பற்றரிக்கென்று போத்தலில் விற்கும் சுத்தத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. நுனியில் ரப்பர்க் குமிழ் உள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றால் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் தக்கை எவ்வளவு உயருகிறது என்று பார்த்துச் சார்ஜைக் கணிப்பார். "கழட்டேக்கை மைனஸ் முதல், பூட்டேக்கை பிளஸ் முதல்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் ஸ்பனரை எடுப்பார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக் கேட்டு, தேவாரம் மாதிரி அது எனக்கும் பாடமாகிவிட்டது.

காரை மதிலுக்கு உள்ளே, வீட்டு வளவுக்குள் விட இடம் கேட்டோம். அன்ரி மறுத்துவிட்டார். அந்த இடத்தில் அவருடைய பூச்சாடிகள் இருந்தன. காலமான கணவர் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தவை. அதனால் கார் ஒழுங்கையிலேயே நின்றது. ஆனால் நான் களுபோவிலைக்கு அதில் போய் வந்தேன். முன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, என் கால் நீட்டியபடி இருக்க அவர் இடம் செய்திருந்தார். கால் மெல்ல மெல்ல மடியத் தொடங்கியது. கோபமும் எனக்குக் குறைந்துவிட்டது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு எங்கேயோ குண்டு வெடித்தது. வெடித்தால் அடுத்த நாள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சுற்றிவளைப்பு இருக்கும் என்பது எங்களுக்கு மழைக்குப் பின் ஈசல் போலத் தெரிந்த விசயம். விடியவே ஒழுங்கையின் இரண்டு முனையையும் ஆமிக்காரர் மறித்துவிட்டார்கள். அடையாள அட்டைகளையும் பொலிஸில் பதிந்த பத்திரத்தையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். அதில் பிழை ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தோம். மேசைக்குக் கீழே சிவப்பு வயரும் கறுப்பு வயரும் கவ்வியபடி பற்றரி இருந்ததை நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. அது எங்கள் கண்ணுக்கு அம்மி குழவி மாதிரி வீட்டுச் சாமான் ஆகிவிட்டிருந்தது.

முதலில் வந்த ஆமிப் பெடியன் குனிந்து பார்த்தான். பார்த்ததும் துவக்கை நிமிர்த்திக்கொண்டு பின்னுக்குப் போனான். "மே மொகத்த?" என்றான். இது என்ன என்று கேட்கிறான் என்பது எங்களுக்கு விளங்கியது. என் கணவர் பற்றரி என்றார், கார் பற்றரி என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்குள் ஏன் என்று பின்னால் வந்த இன்ஸ்பெக்டர் கேட்க, தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லை, பற்றரி இல்லை என்று விளக்கத் தொடங்கினார். அவர் வாயில் இருந்து யாழ்ப்பாணம் என்ற சொல் வந்தபோது அறையில் நின்ற எல்லாருடைய முகமும் மாறியதை நான் கண்டேன். கண்ணாடிக் குழாயையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்கள். இரண்டு பேர் அவருடைய கையைப் பின்னால் கட்டிக் கீழே கொண்டுபோனார்கள்.

சத்தம் கேட்டு அன்ரி மேலே வந்தார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் சொல்லச் சொல்ல அவர் சொன்னார். அது எங்கள் காரின் பற்றரி, வேண்டுமானால் இப்போதே காரில் பூட்டி ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியாது. நான் அதுவரை ஒரு ஸ்பனரைத் தொட்டவள் அல்ல. இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பற்றரியைத் தூக்க ஒருவரும் கிட்ட வரவில்லை. துவக்கு வைத்திருந்த அத்தனை பேரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றார்கள். ஆளியை நிறுத்திக் கவ்விகளைக் கழற்றினேன். நானும் அன்ரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, என் மடியாத கால் ஒவ்வொரு படியிலும் இடிக்க, அதைக் கீழே இறக்கினோம். ஒழுங்கையில் அயலவர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். ட்ரக்கின் பின்பக்கத்தில் என் கணவர் குந்தியிருந்தார். என்னைப் பார்த்தார்.

பொனற்றைத் திறந்தேன். பற்றரியைத் தட்டில் வைத்தேன். என் வாய் தன் பாட்டில் சொல்லிக்கொண்டது. பூட்டேக்கை பிளஸ் முதல். சிவப்பு வயரைப் பூட்டினேன், பிறகு மைனஸ். நட்டு அசையாமல் இறுக்கினேன். காருக்குள் ஏறிச் சாவியைத் திருப்பினேன். கார் இருமியது, அடங்கியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ட்ரக்கில் இருந்து என் கணவர் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னார்.

"சோக்கை இழும்."

அவரை அதட்டினார்கள். நான் சோக் குமிழை இழுத்துவிட்டு மறுபடி திருப்பினேன். கார் ஸ்டார்ட்டாகியது. ஒழுங்கை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் எந்தக் கோயில் மணியும் எனக்கு அவ்வளவு நிம்மதி தந்ததில்லை. முடிந்தது, விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார், தலையாட்டினார், அன்ரியிடம் ஏதோ சொன்னார். அன்ரி என் முகத்தைப் பார்க்காமல்தான் அதைத் தமிழில் சொன்னார்.

"வாகனம் சரியாம் மகள். ஆனா ஆளைக் கொண்டுபோகத்தான் வேணுமாம்."

ட்ரக் போய்விட்டது. நான் காரை நிறுத்த மறந்து நின்றேன். அன்ரிதான் உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பி நிறுத்தினார். அன்று பின்னேரம், நான் பொலிஸ் நிலையத்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது, வளவுக்குள் இருந்த பூச்சாடிகள் எல்லாம் மதிலோரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. அயலில் நாலு பேரைப் பிடித்துக் காரை உள்ளே தள்ளுவித்திருந்தார் அன்ரி. ஓடாமல் தெருவில் நிற்கும் காரைக் கண்டால் அதையும் குண்டு என்று சொல்லுவார்கள் என்றார்.

என் கணவரை முதலில் ஒரு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள், பிறகு இன்னொரு இடம், பிறகு அதைவிடத் தூரமான இடம். லோயர் ஒருவர் பிடித்தோம். நான் பஸ்ஸிலும் நடந்தும் அலைந்தேன். களுபோவிலைக்குப் போவதை விட்டுவிட்டேன். கால் மறுபடி விறைக்கத் தொடங்கியது. அந்த நாட்களில் நான் அந்தப் பற்றரியை வெறுத்த மாதிரி ஒரு மனிதரையும் வெறுத்ததில்லை. அதை இழுத்துக்கொண்டு போய், ரயில் பாதைக்கு அங்காலே கடலில் தள்ளிவிட வேண்டும் என்று எத்தனை தரம் நினைத்திருப்பேன். பலகையை விறகாக்கி எரித்தேன்.

முதல் முறை அவரைப் பார்க்க விட்டபோது எங்களுக்கு இடையில் ஒரு மேசையும் அதன்மேல் கம்பி வலையும் இருந்தன, பக்கத்தில் கேட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். என் கணவர் நன்றாக மெலிந்திருந்தார். கைகளை மேசைக்குக் கீழே வைத்திருந்தார். அவர்தான் முதலில் கதைத்தார்.

"காரை ஸ்டார்ட் பண்ணுறீரோ?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "உங்களுக்கு விசரே? நான் உங்கடை உயிரை நினைச்சுக்கொண்டு வந்து நிக்கிறன், நீங்கள் காரைக் கேக்கிறியள்" என்றேன்.

"பற்றரியைச் சும்மா விட்டால் செத்துப்போம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். அங்கே அவர் கேட்கக்கூடியது வேறு என்ன இருந்தது? அங்கே என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்க முடியாது, அவர் சொல்லவும் முடியாது. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால் நான் அழுவேன். காரைப் பற்றிக் கேட்டால் நான் ஏசுவேன். ஏசுகிற என்னைத்தான் அவர் பார்க்க விரும்பினார் என்று எனக்கு அப்போது விளங்கியது.

அடுத்த நாள் காலையில் கீழே இறங்கினேன். மைனஸைப் பூட்டி, சோக்கை இழுத்து, காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, உள்ளேயே இருந்தேன். அன்ரி ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கொண்டுவந்து ஜன்னலால் தந்தார். அதைக் குடித்து முடிக்கும் வரை ஓடவிட்டேன். நிறுத்தி, மைனஸைக் கழற்றி, முனையை ஒரு துணியால் சுற்றி ஒதுக்கி வைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதுதான் என் வேலை. சுடுதண்ணீரும் அப்பச்சோடாவும் எடுத்துக்கொண்டு போய்ப் பூத்ததை உரஞ்சினேன். துளைகளுக்குள் குனிந்து பார்த்துத் தண்ணீர் விட்டேன். சார்ஜரையும் கண்ணாடிக் குழாயையும் அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள், அதனால் கண்ணளவுதான். எண்ணெய்க் கம்பியை இழுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். ரயரை என் நல்ல காலால் ஒரு உதை உதைத்தேன். நான் வெறுத்த சாமானை நான் வளர்த்தேன். அடுத்தடுத்த சந்திப்புகளில் அவர் கேட்குமுன் நானே தண்ணீர் மட்டம் சொல்லத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டு நிற்பவர் கொட்டாவி விடுவார். என் கணவர் நான் சொல்லுகிற ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார்.

குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லி அவரை விட்டார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு மாரியும் ஒரு கோடையும் தேவைப்பட்டன. வருகிற நாள் எனக்கு முன்கூட்டியே தெரியாது. மத்தியானம் கேற் திறக்கிற சத்தம் கேட்டு, லோயர்தான் யாரையோ அனுப்புகிறார் என்று ஜன்னலால் பார்த்தேன். அவர் நின்றார். மேலே பார்க்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் படியால் இறங்கி வர நேரமெடுத்தது. அதற்குள் பொனற்றைத் திறந்துவிட்டிருந்தார். தோளால் முட்டுக் கொடுத்துத் திறந்தார் என்று அன்ரி பிறகு சொன்னார். குனிந்து ஒவ்வொரு துளையாகப் பார்த்தார்.

"தண்ணி குறையேல்லை" என்றார்.

"ஓம்" என்றேன்.

வழக்கமான இடத்தில் இருந்த ஸ்பனரை எடுத்தார். அது விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. அப்போதுதான் அவருடைய விரல்களைப் பார்த்தேன். அத்தனை சந்திப்பிலும் அவர் மேசைக்கு மேலே கொண்டுவராத கைகள். விரல்கள் மடியவில்லை. என் முழங்காலைப் போலவே, மடிய மாட்டேன் என்று நின்றன. கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

"நீர் பூட்டும்" என்று சொல்லி விலகி நின்றார்.

நான் மைனஸைப் பூட்டினேன். அவர் காருக்குள் ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தார். நான் சுற்றி வந்து பக்கத்தில் ஏறினேன். என் சீற் பின்னுக்குத் தள்ளியபடியே இருந்தது. சோக்கை நான் இழுத்தேன். சாவியை அவர் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திருப்பினார். முதல் தரத்திலேயே ஸ்டார்ட்டாகியது.

"களுபோவிலைக்குப் போவம். உம்மடை கால்" என்றார்.

அன்று பயிற்சி நாளும் அல்ல. ஆஸ்பத்திரியில் என் பெயரை எப்போதோ வெட்டியிருப்பார்கள். அவர் கைகளை ஸ்டியரிங்கின் மேல் வைத்தார். விரல்கள் அதைச் சுற்றிப் பிடிக்கவில்லை. திரும்ப வைத்துப் பார்த்தார். கேற்றடியில் அன்ரி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும். பற்றரி ஏறட்டும்" என்றார் என் கணவர்.

பற்றரி நிறைந்துதான் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஓம், ஏறட்டும்" என்றேன்.